பீப்பாவுக்குள் விதைநெல்

என் கணவர் மலாயாவில் ரயில்வேக் கிளாக்கராக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு வேலணைக்குத் திரும்பினார். கூடவே ஒரு சாய்மனைக் கதிரையும், கண்ணாடி பதித்த அலுமாரியும், மூடி போட்ட இரண்டு இரும்புப் பீப்பாக்களும் வந்து இறங்கின. அலுமாரியைப் பார்க்க அயலட்டைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பீப்பாக்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மழைத்தண்ணீர் பிடிக்க உதவும் என்று நினைத்து நான் அவற்றை வீட்டின் பின்னால் கோடிப்புறத்தில் உருட்டி விட்டேன்.

அதற்கு முன்பெல்லாம் அவர் சில வருடங்களுக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்தால் விருந்தாளிதான். என்னுடைய சீதன வயலை உழுவித்து, விதைப்பித்து, களை பிடுங்குவித்து, கதிர்களை மாடுவிட்டுச் சூடு மிதிப்பித்து, நெல்லை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தவள் நான். பிள்ளைகள் இருவரும் பட்டணத்தில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். வயலில் எனக்குத் துணை பக்கத்து வயல்காரர் ஒருவர். விளைச்சலில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு வாரத்துக்குச் செய்து தந்தார். நல்ல உழைப்பாளி. ஒரேயொரு குறை, யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சரி. நான் ஒன்று சொன்னால், "ஓம் அக்கா." என் கணவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னால், "ஓம் அண்ணை." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

விதைநெல்லுக்கு நான் செய்து வந்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சூடு மிதித்ததும் நல்ல பகுதியைப் பிரித்தெடுப்பேன். பல்லில் வைத்துக் கடித்தால் சத்தத்தோடு முறிகிறவரை வெயிலில் காயப்போடுவேன். சூடு ஆறிய பிறகு வேப்பிலை போட்டுப் பனையோலைக் கடகங்களில் கொட்டி, குசினியை ஒட்டிய அறையில் பரணில் ஏற்றிவிடுவேன். ஆவணியில் இறக்குவேன். ஏன் இப்படி என்று நான் யோசித்ததில்லை. வருடா வருடம் முளைத்தது. அது போதாதா?

அவர் வந்த பிறகு வந்த முதல் தை அறுவடை நன்றாகவே இருந்தது. கடகங்களைப் பரணில் ஏற்றின கையோடு, அனலைதீவில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவிடமிருந்து ஆள் வந்தது. மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கிவிட்டது, வந்து நில் என்று. ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறினேன். பேறு சுகமாக நடந்து, குழந்தையைக் குளிப்பாட்டிப் பழக்கிவிட்டு நான் திரும்பி வரக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகிவிட்டது.

ஒழுங்கைக்குள் திரும்பும்போதே மணம் வந்தது. நெல் அவியும் மணம். சோற்றுக்குப் புழுக்குகிறார்கள் போல, ஆண்பிள்ளைக்கு இந்த அளவாவது தோன்றியதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு படலையைத் திறந்தேன். முற்றத்தில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. வாரக்காரர் பனைமட்டையை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் கடகங்கள் கவிழ்ந்து கிடந்தன.

"உதென்ன அவியுது?" என்று கேட்டேன்.

என் கணவர் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பி வந்தார். "வந்திட்டீரோ? நல்லது. உம்முடைய விதைநெல்லுத்தான். அது செத்த நெல்லு. முளைக்காது. வீணாக்காமல் சோத்துக்காவது எடுப்பம் எண்டு அவிக்கச் சொன்னனான்."

கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"ஆர் சொன்னது செத்த நெல்லெண்டு?"

"ஆரும் சொல்ல வேண்டியதில்லை. நானே சோதிச்சுப் பாத்தனான். நூறு மணி எண்ணி ஈரச்சாக்கில சுத்தி வைச்சனான். ஒரு கிழமைக்கு மேல பாத்தன். அஞ்சாறுதான் முளைச்சுது. அதுவும் அரைகுறை."

"அறுத்து எவ்வளவு நாள்? இப்ப ஏன் சோதிக்கிறியள்? ஆவணியிலதான் அது முளைக்கும்."

"உயிர் இருந்தால் முளைக்கும், இல்லாட்டி முளைக்காது. இதில மாசி என்ன, ஆவணி என்ன?"

"பிறந்த குழந்தையைப் பாத்திட்டு வாறன். அதையும் எழும்பி நட எண்டு சொல்லுவியளோ? நடக்காட்டிச் செத்த பிள்ளை எண்டு சொல்லுவியளோ?"

இப்படிப் பேசுகிறவளோடு என்ன கதை என்பதுபோல அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாரக்காரரைப் பார்த்தேன்.

"நீராவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

"ஓம் அக்கா. நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்றார் அவர். "அண்ணை சொன்னார். ஓம் எண்டனான்."

அவித்த நெல்லைத் திரும்பப் பச்சையாக்க ஏலாது. அந்த விதைநெல்லைத்தான் ஆனி மாதம் வரை சோறாகச் சாப்பிட்டோம். ருசியான சோறு. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சித்திரையில் வழக்கம்போல இரண்டு நாள் மழை பெய்தது. மழை விட்டு ஒரு வாரத்தில், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கற்போரைச் சுற்றிப் பச்சைப் பாய் விரித்ததுபோல நெல் முளைத்து நின்றது. வைக்கலோடு ஒட்டிக்கொண்டு வந்து சிந்திய மணிகள். அதே வயல், அதே சூடு, அதே நெல். அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"இதென்ன?"

குனிந்து நன்றாகத்தான் பார்த்தார். "இது வேற நெல்லா இருக்கும்," என்றார்.

அதற்குள், பங்குனியிலேயே அவர் வேறு விதைநெல் வாங்கி முடித்திருந்தார். ஊர்காவற்றுறைத் துறையடியில் ஒரு கடையில், வன்னிப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் வந்த நெல். முந்திய வருடத்து நெல் என்று கடைக்காரரே சொன்னாராம். இவர் அதையும் நூறு மணி எண்ணி ஈரச்சாக்கில் சுற்றினார். ஏறக்குறைய எல்லாமே முளைத்துவிட்டன. சாக்கை அப்படியே தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்து என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக முளை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

நெல்லில் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் கையை உள்ளே விட்டபோது குளிர்ந்து கிடந்தது. கடித்தால் முறியவில்லை, நசிந்தது. வள்ளத்தில் வரும்போது கடற்காற்றைக் குடித்திருக்க வேண்டும். புல்விதையும் கலந்திருந்தது.

"இதை நாலு நாள் வெயிலில போட்டு எடுத்துப் புடைச்சுத் தாறன். பரணில வைப்பம்," என்றேன்.

"வெயிலில போட்டுத்தான் நீர் உம்முடைய நெல்லைச் சாகடிச்சனீர்," என்றார். "காத்துப் படாமல் வைச்சால் உயிர் போகாது. மலாயாவில அரிசியை நாங்கள் தகரத்தில அடைச்சு வைக்கிறனாங்கள். வண்டு கூட வராது."

"அரிசி வேற, விதை வேற."

"ரெண்டும் நெல்லுத்தானே?"

இப்படித்தான் பீப்பாக்கள் கோடிப்புறத்திலிருந்து எழுந்தன. நெல்லைக் கழுத்துவரை கொட்டி, மூடியைப் போட்டு, சுற்றிவரத் தார் பூசி, குசினிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பத்தியில் நிறுத்தினார். மத்தியானத்துக்குப் பிறகு அந்தத் தகரத்தின் கீழே நிற்க முடியாது. வைகாசி வெயிலில் பீப்பாவில் கை வைத்தால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். நான் பீப்பாவைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் உள்ளே அடைபட்டிருக்கிற நெல்லை நினைப்பேன். உள்ளே ஆட்களை அடைத்து வைத்திருப்பதுபோல இருக்கும்.

புரட்டாதியில் வானம் கறுத்தது. புழுதியில் விதைக்க வேண்டிய நேரம். தாரை உடைத்துப் பீப்பாக்களைத் திறந்தபோது புளித்த கள்ளின் மணம் வந்தது. நெல் மங்கிப்போய்க் கிடந்தது.

"மணக்குது," என்றேன்.

"தார் மணம்."

"ஒருக்கா முளைக்க வைச்சுப் பாப்பம்."

"அதுதான் பாத்தாச்சே. எல்லாம் முளைச்சுது. நீரும் கண்டனீர். பிறகென்ன?"

மாசியில் முளைக்கவில்லை என்பதற்காக உயிருள்ள நெல்லை அவித்தவர், பங்குனியில் முளைத்தது என்பதற்காகப் புரட்டாதியில் சோதிக்க மாட்டேன் என்கிறார். மழைக்கு முன் விதைக்க வேண்டும் என்று வாரக்காரர் அவசரப்பட்டார். அடுத்த நாள் காலையில் விதைத்தும் விட்டார்கள். நான் ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து ஈரத்துணியில் சுற்றி அடுப்பு மூலையில் வைத்தேன். நாலைந்து நாள் கழித்து அவிழ்த்தேன். நெல் வழுவழுத்துக் கிடந்தது. ஒரு மணியிலும் முளை இல்லை. ஆனால் அந்த வழுவழுப்புக்கு நடுவே கடுகளவு புல்விதைகள் சில, நூல் மாதிரி வேர் விட்டிருந்தன. நெல்லைக் கொன்ற பீப்பா புல்லைத் தொடவில்லை.

அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "துணியில வைச்சால் அழுகும். சாக்கிலதான் வைக்க வேணும்," என்றார்.

மழை பெய்தது. ஒரு வாரம், பத்து நாளில் வயல் பச்சையாகியது. அவர் காலையிலும் மாலையிலும் குடையோடு போய் வரம்பில் நின்றார். ஒருநாள் என்னையும் வரச்சொன்னார். நான் போனேன். தூரத்தில் பார்க்க உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

"பாரும்! செத்த விதையோ இது?"

நான் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி ஒன்றைப் பிடுங்கினேன். இலை தண்டோடு சேர்கிற இடத்தை விரித்துப் பார்த்தேன். இன்னொன்றைப் பிடுங்கினேன். இன்னும் பத்து இடத்தில் பிடுங்கினேன்.

"நெல்லெண்டால் இந்த மூட்டில ஒரு சின்ன நாக்கு இருக்கும். மயிரும் இருக்கும். இதில ஒண்டும் இல்லை, மொட்டை. இது கோழிச்சூடன்."

கோழிச்சூடன் நெல்லைப் போலவே தளிர்க்கிற புல். சிறிதாக இருக்கையில் பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் கண்ணாடியைச் சரிசெய்து, புல்லை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"சில சாதி நெல்லு மொட்டையா இருக்கும்," என்றார். பிறகு வாரக்காரரைப் பார்த்து, "இப்ப ஒருத்தரும் இதில கை வைக்கப்படாது," என்றார்.

"ஓம் அண்ணை."

"இதெல்லாம் புல்லு, தம்பி. உமக்குத் தெரியாதோ?" என்றேன்.

"ஓம் அக்கா. புல்லுத்தான்."

ஒரு மாதம் புல் வளர்த்தோம். ஆடுமாடு போகாமல் வேலியடைத்து, காவல் வைத்து வளர்த்தோம். பக்கத்து வயல்களில் களை பிடுங்க வந்த பெண்கள் எங்கள் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். கடையடியில் யாரோ, "மலாயா அண்ணை புல்லுக் கமம் செய்யிறார்," என்று சொன்னதாக என் காதுக்கே வந்தது.

புல் பூட்டை தள்ளி, நெல்லைப் போல் இல்லாத கதிர் விடத் தொடங்கிய அன்று அவருக்கு விளங்கியது. வயலிலிருந்து வந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு. வரம்பில் முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். சாய்மனைக் கதிரையில் இருக்காமல், குசினி வாசற்படியில் இருந்தார்.

"நெல்லு அங்கொண்டும் இங்கொண்டும்தான் நிக்குது," என்றார்.

நான் என்னென்ன சொன்னேன் என்று இப்போது எல்லாம் நினைவில்லை. நிறையச் சொன்னேன். இத்தனை வருடமும் மழைக்கும் வெயிலுக்கும் நான் காத்துத் தந்த வயல் என்று சொன்னேன். அடியோடு ஒரு விதை இல்லாமல் இந்த வீடு ஒருநாளும் இருந்ததில்லை என்று சொன்னேன். கடகத்தில் இருந்ததை அவித்தீர்கள், பீப்பாவில் இருந்ததைப் புழுங்க வைத்தீர்கள், இனி என்னைத்தான் அவிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். திருப்பிப் பேசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். வேட்டிச் சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு கரைச்சல்.

அடுத்த நாள் ஐப்பசிக் காற்றில் நான் அனலைதீவுக்கு வள்ளம் ஏறினேன். அக்கா என்னைக் கண்டதும் யாருக்கோ சுகமில்லை என்று பயந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்ரை மனுசனுக்குப் பென்சனோட ஒரு வேலையும் குடுத்தெல்லோ அனுப்பியிருக்க வேணும்," என்றாள். பிறகு பரணிலிருந்து தன் மிச்ச விதைநெல்லை இறக்கித் தந்தாள். இரண்டு கடகம். கடித்துப் பார்த்தேன். முறிந்தது.

திரும்பி வரும்போது கடல் குழம்பிவிட்டது. பாதித் தூரம் வருவதற்குள் மழை சாட்டை மாதிரி அடித்தது. ஒவ்வொரு அலைக்கும் வள்ளத்துக்குள் தண்ணீர் குதித்தது. ஒரு கடகத்தை மடியில் வைத்து, பாயால் மூடி, அதன் மேல் கவிழ்ந்து கிடந்தேன். மற்றது காலடியில் இருந்தது.

"அக்கா, கடகத்தை விட்டிட்டுத் தண்ணியை இறையுங்கோ!" என்று வள்ளக்காரர் கத்தினார்.

"ஏலாது!"

"உயிர் போனால் நெல்லு ஆருக்கு?"

ஒரு கையால் கடகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மறு கையால் சிரட்டைக் கோப்பையில் தண்ணீரை இறைத்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன். முகமெல்லாம் உப்பாக இருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. காலடிக் கடகம் கடல்நீரில் நனைந்துவிட்டது. மடியில் இருந்தது தப்பியது.

ஊர்காவற்றுறையில் கரையேறும்போது அவர் மாட்டுவண்டியோடு நின்றார். காலையிலிருந்து நிற்கிறாராம். குடை முறிந்து ஒரு பக்கம் தொங்கியது. என்னைக் கண்டதும் தண்ணீருக்குள் இறங்கி வந்து கடகத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். அந்தக் கணத்தில் என் மனம் கொஞ்சம் இளகியது. இவ்வளவு நேரம் நனைந்து நின்றிருக்கிறாரே என்று பார்த்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தால், வண்டிக்குள் ஒரு பீப்பா.

"இதேன்?" என்றேன்.

"நெல்லு நனையாமல் கொண்டு போகத்தான்."

நான் வண்டியில் ஏறவில்லை. மழையில் நின்றேன்.

"உந்தப் பீப்பாவை இஞ்ச இறக்காட்டி, இந்த நெல்லோட நான் அனலைதீவுக்குத் திரும்பிப் போறன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டிக்காரரும் அவருமாகப் பீப்பாவை இறக்கித் துறையடியில் வைத்தார்கள். அதைப் பிறகு யார் எடுத்துக்கொண்டு போனார்களோ தெரியாது. நான் விசாரிக்கவில்லை.

நனைந்த நெல்லை வந்த உடனேயே கிணற்றடியில் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, தப்பியதையும் நனைத்துச் சேர்த்து, சாக்கில் கட்டி முளை வைத்தேன். முளைத்தது. புல்லைப் பிடுங்க அயலில் அகப்பட்ட எல்லோரையும் கூப்பிட்டோம். அவரும் இறங்கிப் பிடுங்கினார். சேற்றில் முளைநெல்லை விதைத்தோம். காலம் பிந்திய விதைப்பு. கதிர் வரும்போது மழை ஓய்ந்துவிட்டது. வழக்கத்தில் பாதிகூடத் தேறவில்லை. அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்து, விதைக்கும் எடுத்து வைத்த பிறகு மிஞ்சியது கொஞ்சம்தான்.

இத்தோடு அவருக்கு விதைநெல் ஆசை விட்டுப்போகும் என்று நினைத்தேன். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

அந்த மாசியில் அவர் கடகங்களைத் தொடவில்லை. என்னிடம் வந்து, "ரெண்டு கைப்பிடி நெல்லுத் தருவீரோ?" என்று கேட்டார். கொடுத்தேன். பிறகு நான் புடைத்துக் கொட்டிய குப்பையிலிருந்து புல்விதையைப் பொறுக்கிப் போத்தல்களில் நிரப்பினார். மாதா மாதம் நெல்லில் கொஞ்சம், புல்விதையில் கொஞ்சம், ஈரத்துணியில் முளைக்க வைத்தார். சாக்கு அல்ல, இப்போது துணி. அதற்கு, நாங்கள் சோறு சாப்பிடுகிற என் பீங்கான் கோப்பைகள். குசினி யன்னலில் கோப்பை, விறாந்தையில் கோப்பை, சுவாமி அறை வாசலில் கோப்பை. எறும்பு வந்தது. ஒருமுறை ஆடு உள்ளே வந்து ஒரு மாதத்துச் சோதனையை அப்படியே தின்றுவிட்டது. அவர் ஆட்டுக்காரரோடு சண்டைக்குப் போனார்.

மீதியிருந்த பீப்பாவுக்குள்ளும் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் புல்விதையும் போட்டு மூடியிருந்தார்.

"நல்ல நெல்லை வேணுமெண்டு கொல்லுறியளோ?" என்று கேட்டேன்.

"எப்ப சாகுது எண்டு பாக்கிறன்."

"புல்லை முளைக்க வைக்கவோ பென்சன் எடுத்து வந்தனீங்கள்?"

"பொறும். பாரும்," என்றார்.

நான் பார்க்கவில்லை. ஆனால் வீடெல்லாம் கோப்பையாக இருந்தால் பார்க்காமல் எப்படி இருப்பது? மாசியில் நெல்லும் முளைக்கவில்லை, புல்லும் முளைக்கவில்லை. சித்திரை, வைகாசியில் பரண் நெல் முழுவதும் முளைத்தது. அது எனக்குப் புதினம் இல்லை. புல்விதை அப்போதும் நித்திரைதான். ஆடியில் ஒன்றிரண்டு எழும்பியது. ஆவணியில், நாங்கள் விதைக்க ஆயத்தமாகிற அதே நேரத்தில், ஒரேயடியாக எழும்பியது. பீப்பா நெல் அதற்குள் செத்துவிட்டது. பீப்பாப் புல் சாகவில்லை. அடுத்த வருடம் பரணில் மிஞ்சிய பழைய நெல் பாதிதான் முளைத்தது. போத்தலில் இருந்த பழைய புல்விதை முந்திய வருடத்தைவிட நன்றாக முளைத்தது.

புல்விதை வைத்திருக்க வைத்திருக்கச் செத்துப்போகும் என்றுதான் நான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். அதனால் விதைநெல்லைப் புடைக்கும்போது கொஞ்சம் புல் கிடந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். என் கையாலேயே அதைப் பரணில் ஏற்றி, பக்குவப்படுத்தி, சரியான காலத்தில் வயலுக்கு அனுப்பியிருக்கிறேன். இவருடைய கோப்பைகள் எனக்கே பாடம் சொல்லிவிட்டனவே என்று எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அந்த வருடத்திலிருந்து சுளகில் இரண்டு தரம் கூடப் புடைத்தேன். அவர் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் புடைத்தேன்.

அக்கா குடும்பத்தோடு ஒருநாள் விருந்துக்கு வந்தாள். கோப்பை ஒன்றுகூட மிச்சம் இல்லை. வாழையிலை வெட்ட ஆள் அனுப்பினேன். அதற்குள் அக்கா விறாந்தைக்குப் போய், கரையில் ரோசாப்பூப் போட்ட என் நல்ல கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் புல் செழித்து நின்றது.

"இதென்னடி, கறியோ?" என்றாள்.

அவர் ஓடிவந்து அதை இரண்டு கையாலும் வாங்கினார். "அது பீப்பாவில ரெண்டு வருசம் இருந்தது," என்றார், பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரர் மலாயாவைப் பிடித்ததும் பென்சன் நின்றது. அரிசி கூப்பனுக்குத்தான். கூலிக்கு ஆள் பிடிக்க முடியவில்லை. வாரக்காரரும் திருகோணமலையில் இராணுவ வேலைக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடமும் சொன்னார், அவரிடமும் சொன்னார். இரண்டு பேரும் போகவேண்டாம் என்றோம். இரண்டு பேருக்கும் "ஓம்" என்றுவிட்டுப் போனார்.

அந்த வருடம் களையை நாங்கள் இருவருமே பிடுங்கினோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பட்டணத்திலிருந்து மாற்றியிருந்ததால் அவர்களும் தூரத்தில். விதை சுத்தமாகத்தான் போயிருந்தது. ஆனால் முன்னைய வருடங்களில் விழுந்தது மண்ணுக்குள் கிடக்கிறதே. அது தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது. கார்த்திகை மழை தூறியது. குனிந்து குனிந்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அவர் பக்கத்து வரியில் குந்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால், ஒரு புல்லை வேரோடு பிடித்து, அடியில் ஒட்டியிருந்த விதைக்கோதை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். வேட்டி முழுக்கச் சேறு. கண்ணாடியில் மழைத்துளி.

"இஞ்சாரும்," என்றார். "இது எத்தனை வருசமா மண்ணுக்குள்ள கிடந்திருக்கும் எண்டு நினைக்கிறீர்?"

"பிடுங்குங்கோ," என்றேன்.

"இல்லை, மண்ணுக்குள்ள ஈரம். பீப்பாவிலயும் ஈரம். அங்க நெல்லுச் செத்தது, இது சாகேல்லை. அப்ப இது..."

"இருட்டுறதுக்குள்ள அந்த வரம்பு வரைக்கும் போகவேணும். பிடுங்குங்கோ."

பிடுங்கினார். ஒரு பத்துப் பதினைந்து இருக்கும். பிறகு மறுபடியும், "இஞ்சாரும்," என்ற குரல் வந்தது.

நான் திரும்பவில்லை. என் வரியும் அவருடைய வரியில் மிச்சமும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போனேன். அவர் பின்னால் பேசிக்கொண்டே வந்தார்.